வண்டி தூங்கும் வரை

நாற்பது நிமிடம் எதையும் தொடக் கூடாது என்று வண்டி வயரிங் பார்க்கும் ரபீக் அண்ணன் சொல்லிவிட்டார். கதவைத் திறக்கக் கூடாது, சாவியில் இருக்கும் பொத்தானை அழுத்தக் கூடாது, வண்டி மேல் சாய்ந்து நிற்கக்கூடக் கூடாது, வண்டி தூங்க வேண்டும். பூட்டியவுடன் எந்த வண்டியும் தூங்கிவிடுவதில்லையாம், உள்ளே ஒவ்வொன்றாக அடங்குவதற்கு அரை மணி, முக்கால் மணி ஆகுமாம். "நம்மளாட்டத்தானுங்க அம்மிணி, படுத்த ஒடனே தூக்கம் வந்துருதா? அதையும் இதையும் நெனச்சுப் பொரண்டுட்டுத்தான தூங்கறோம்" என்றார். வண்டியைப் பற்றித்தான் சொன்னார், ஆனாலும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து வயரைக் கழற்றி, நிறுத்திய வண்டி எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று பார்க்க இடையில் மஞ்சள் மீட்டரை மாட்டி, அதை ஒரு சாக்குத் துண்டின் மேல் சாய்த்து வைத்திருக்கிறார். நான் எதிரில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. இரண்டு புள்ளி ஒன்றில் தொடங்கியது. இப்போது புள்ளி ஆறு. மணி பத்தரை. இந்நேரம் நான் மடத்துக்குளம் தாண்டியிருப்பேன். பதினொன்றுக்குள் பழனி, பைபாஸ் பிரியும் இடத்தில் இடப்பக்கம், நூல் மில்லின் மதிலை ஒட்டிப் போனால் நான்காவது ஓட்டு வீடு, வசு அக்கா வாசலில் நிற்க மாட்டாள், நிற்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன், ஜன்னல் திரையின் ஓரம் மட்டும் அசையும். அவளுக்கு இது முதல் பிரசவம், எட்டு மாதம் முடிந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் சுதாகருக்கு மில்லில் ஷிப்டு, வலி எந்த நேரம் வருமென்று யார் கண்டது, வந்தால் நீதான் வண்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள், வருகிறேன் என்றேன். வேறு யாரும் அவளுக்கு இல்லை. வண்டியோ இரண்டு சனிக்கிழமைகள் கிளம்பவே இல்லை, இன்றைக்கும் எதிர்வீட்டு வண்டியிலிருந்து வயர் போட்டுத்தான் உசுப்பினோம். வலி வரும் நாளில் எதிர்வீட்டு வண்டி வீட்டில் இருக்குமா.

புள்ளி ஐந்து எட்டு. நான் இயற்பியல் படித்தவள், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் ஆம்பியர் சொல்லித் தருகிறவள், ஒரு மீட்டரை நானே வைத்துப் பார்த்திருக்கலாம், மூன்று மாதமாக அது தோன்றவே இல்லை. ஏனென்றால் தப்பு என்னுடையது என்று நம்பிவிட்டேன். முதல் தடவை நின்றபோது என் கூடப்பிறந்த பூபதி அண்ணன் சிரித்தான், உள்லைட்டைப் போட்டுவிட்டு மறந்திருப்ப பாப்பா, உன்ற ஞாபகம்தான் ஊருக்கே தெரியுமே என்று. அன்றிலிருந்து வண்டியை நிறுத்திய பிறகு ஐந்து முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன், உள்லைட்டு, முன்லைட்டு, டிக்கி, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி உள்ளே இருட்டாக இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருட்டாக இருக்கிறது, படுத்த பிறகு மறுபடி சந்தேகம் வருகிறது, அந்த இருட்டு நான் பார்த்த இருட்டா, நினைத்துக்கொண்ட இருட்டா. "அம்மிணி, எவ்வளவு காட்டுது?" என்று கடைக்குள்ளிருந்து கேட்கிறார். சொன்னேன். "கேக்கல." இன்னொரு முறை சொன்னேன். தேங்காய் லாரிக்கு ஹாரன் மாட்ட வந்து காத்திருக்கும் டிரைவர், வேட்டியை மடித்துக் கட்டியவர், "மீட்டரு சொல்றதே உங்களுக்குச் சத்தமாக் கேக்குது பாய், அந்த அம்மிணி சொல்றதுதான் கேக்கல" என்றார். பிறகு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, "வண்டி தூங்கோணுமா? இதென்ன பாய் புதுசா இருக்குது, தாலாட்டு ஏதாச்சும் பாடோணுமாக்கும்?" என்றார். "நீ வாயத் தொறக்காம இருந்தாலே தூங்கிரும், அக்கட்டப் போ" என்றார் ரபீக் அண்ணன். நானும் சிரித்தேன். சிரிப்பு வெளியே வந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் பல சமயம் அப்படித்தான், உள்ளே சிரித்தது வெளியே வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன், எதிரில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்தால் வரவில்லை என்று தெரியும்.

புள்ளி நான்கு. டிரைவர் பக்கக் கதவு திறந்துதான் கிடக்கிறது, ஆனால் அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மடக்கிவிட்டார், வண்டி தன் கதவு மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளுமாம். இவ்வளவு சுலபமாகவா ஒன்றை நம்பவைக்க முடியும். முடியும், நானே செய்கிறேனே. உடுமலையிலிருந்து மேற்கே போனால் பொள்ளாச்சி, கிழக்கே போனால் பழனி, இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். பொள்ளாச்சியில் என் பிஹெச்.டி. கைடு இருக்கிறார், மாதம் இரண்டு சனிக்கிழமை அவரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன், கிழக்கே போய்த் திரும்பினாலும் ஓடிய கிலோமீட்டர் மேற்கே போய் வந்த கணக்குக்குச் சரியாக இருக்கும். அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. இது அண்ணன் ஓட்டிய வண்டி. புது வண்டி எடுத்தபோது இதை எனக்கே கொடுத்துவிட்டான், சாவியை உள்ளங்கையில் வைத்து விரல்களை அவனே மூடினான், பொள்ளாச்சிக்குப் பஸ்ஸுல இடி வாங்காதீடி, ராணியாட்டம் போயிட்டு வா என்றான். அதே கை. வசு அக்கா சுதாகரோடு போன அன்று மூன்று வண்டிகளில் ஆட்களோடு ஈரோடு ஸ்டேஷன் வரை துரத்திப் போய் வெறுங்கையோடு திரும்பியபோது அந்தக் கையில் ஒரு வெட்டு இருந்தது, எதில் பட்டதென்று யாரும் கேட்கவில்லை, அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். மறுநாள் அப்பா தலை முழுகினார். கண்ணீர் அஞ்சலி என்று பெரிய ஃப்ளெக்ஸ் அடித்து முக்கு ரோட்டில் கட்டினார்கள், அக்கா படம், பிறந்த தேதி, இறந்த தேதி, இறந்த தேதிக்கு அவள் கல்யாணம் பண்ணிக்கொண்ட தேதி. அந்தப் படத்தைக் கொடுத்தது நான். எந்தப் போட்டோவுல வசு நல்லா இருப்பா பாப்பா என்று அண்ணன் கேட்டான், எதற்கு என்று சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது, நான்கைந்தைத் தள்ளிப் பார்த்து, கல்லூரி ஆண்டு விழாவில் பச்சைப் பட்டில் எடுத்ததை அனுப்பினேன். அதுதான் நன்றாக இருந்தது. நான்கு வருஷமாக நான் திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அனுப்பியது அல்ல, நன்றாக இருப்பதைத் தேடி அனுப்பியது. நன்றாக இல்லாததை அனுப்பியிருக்கலாமே. அனுப்பியிருந்தால் என்ன. அதே ஃப்ளெக்ஸ்தான், கொஞ்சம் மங்கலான முகம்.

புள்ளி ஒன்று ஐந்து. இதற்குமேல் இறங்கவில்லை. ஐந்து நிமிடமாக அதே எண். இல்லை, அதே எண் இல்லை, இப்போது ஏறியது, புள்ளி மூன்று ஐந்து, ஏழெட்டு நொடி நின்றது, மறுபடி ஒன்று ஐந்து. ஒரு வேளை என் கண். வாட்சைப் பார்த்தேன். சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஏறியது. இன்னொரு நிமிடம், இன்னொரு முறை. தூங்குகிறவர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் எழுந்து எழுந்து உட்காருவது போல. எழுந்துபோய்ச் சொன்னேன், இந்த முறை சத்தமாகவே சொல்லியிருப்பேன், லாரி டிரைவரும் திரும்பிப் பார்த்தார். ரபீக் அண்ணன் வந்து குனிந்து மூன்று சுற்றுப் பார்த்தார். "நீங்க கவனிச்சதுதானுங்க சரி. சும்மா வயரு லீக்கா இருந்தா ஒரே அளவாத்தான் இழுக்கும். இது அப்பிடியில்ல. உள்ள ஏதோ ஒண்ணு நிமிசத்துக்கு ஒருக்கா யாருகூடவோ பேசுது" என்றார். அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்துப் படுத்து பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், நான் ஒவ்வொன்றுக்கும் எண்ணைச் சொன்னேன். பாட்டுப் பெட்டி, ஒன்று ஐந்து. ஹாரன், ஒன்று ஐந்து. கண்ணாடி, ஒன்று ஐந்து. கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை, ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணி, நான் கல்லூரிக்குப் போவது காலேஜ் பஸ்ஸில், வண்டி பத்து நாள் சும்மா நின்றால் பேட்டரியில் என்ன மிஞ்சும், ஒன்றுமில்லை. அம்மாவை நடுவில் ஒருநாள் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போன வாரங்களில் மட்டும் ஏன் கிளம்பியது என்பது இப்போது தெரிகிறது, கோயில் புண்ணியம் என்று அம்மா சொன்னாள். எல்லா பியூசும் வெளியே வந்த பிறகும் ஒன்று ஐந்து. "பியூசுக்கு முன்னாலயே எடுத்திருக்கான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "கம்பெனி வயரு இல்லீங்க இது. எவனோ கொக்கி போட்டிருக்கான் அம்மிணி. கரண்டுக் கம்பத்துல கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்டு எடுப்பானுகளே, அதாட்டம்." எதையோ இழுத்தார். மீட்டரில் எண் சட்டென்று விழுந்தது, புள்ளி பூஜ்யம் இரண்டு. "தூங்கிருச்சுங்களா?" என்றார். தூங்கிவிட்டது என்றேன்.

தீப்பெட்டி அளவுதான். கறுப்பு டேப் சுற்றி, ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி, அது வயரைப் பிடுங்கிய பிறகும் சிமிட்டிக்கொண்டிருந்தது, அதற்கென்று உள்ளே தனியாகச் சின்ன பேட்டரி உண்டாம். "உள்ளுக்குள்ள சிம்மு இருக்குதுங்க. வண்டி எங்க நிக்குது, எங்க போகுது, அல்லாமே போன்ல காட்டிக் குடுத்துரும். நீங்க மாட்டச் சொன்னதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் ஆமாம் என்றேன். எங்க அண்ணன் மாட்டினது, மறந்துட்டேன் என்றுகூடச் சேர்த்துச் சொன்னேன், அவனுடைய கேவலத்தை அவனுக்கு முந்திக்கொண்டு நான் மூடினேன், குடும்ப விஷயம் வெளியே தெரியக் கூடாதாம், யாருடைய குடும்பம். "எங்க மொதலாளியும் மாட்டி வெச்சிருக்காருங்க" என்று லாரி டிரைவர் சிரித்தார், "நான் டீக்கடையில நின்னா அவருக்கு அங்க தெரியும், ஏன்டா நிக்கறேன்னு போன் வரும். டீசலத் திருடிருவம்னு பயம். நீங்க என்னத்தத் திருடினீங்க அம்மிணி?" திருடினேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம், அக்கா தலையில் எண்ணெய் வைத்துவிடுவாள், வயிற்றில் என் கையை வைத்து இங்க பாரு உதைக்கறான் என்பாள், அதைத் திருடினேன். பங்குனியில் வண்டியை சர்வீசுக்கு மணி கடையில் விட்டுவந்தது அண்ணன்தான், மணி அவனோடு படித்தவன். அதற்குப் பிறகுதான் முதல் தடவை பேட்டரி இறங்கியது. அதற்குப் பிறகுதான் எங்கே போகிறாய் என்று அண்ணன் கேட்பதை நிறுத்தினான். அவன் கேட்காமல் விட்டதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன், அக்காவிடம்கூடச் சொன்னேன், அண்ணன் மாறிட்டான், முந்தி மாதிரி இல்லை என்று, அவள் முகம் மலர்ந்ததே, அதையும் நான்தான் கொடுத்தேன். பங்குனிக்குப் பிறகு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் அவன் போனில் ஒரு புள்ளி கிழக்கே நகர்ந்து மில் மதிலை ஒட்டி நான்காவது வீட்டில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறது. தெரிந்தும் ஏன் ஒன்றும் செய்யவில்லை. மனசு மாறியிருக்கலாம். என் பாதுகாப்புக்காக மட்டும் வைத்திருக்கலாம். ஒரு நாள் தானும் போய் நிற்கலாம் என்று நினைத்திருக்கலாம், குழந்தை பிறக்கட்டும் என்று. குழந்தை பிறக்கட்டும் என்று எதற்குக் காத்திருக்கிறான். போன தடவை அக்கா ஏதோ சொன்னாள், நான் சரியாகக் கேட்கவில்லை, முறுக்கு தின்றுகொண்டிருந்தேன், வீடு வாடகைக்கு இருக்குதான்னு ரெண்டு பேரு வந்து கேட்டாங்கடி, நாங்க குடியிருக்கறது கண்ணுக்குத் தெரியலியாக்கும், பின்பக்கம் வழி இருக்குதான்னு வேற கேக்கறாங்க என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வெளியே வந்தது, நன்றாக நினைவிருக்கிறது.

போன் அடித்தது. அண்ணன். கறுப்புப் பெட்டியை ரபீக் அண்ணன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், வயரைப் பிடுங்கினால் அதுவும் போய்ச் சொல்லுமோ. "பாப்பா, எங்க கண்ணு இருக்கற?" இருபத்தாறு வருஷமாகக் கேட்ட அதே குரல், பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்று கேட்டது, காய்ச்சலில் கட்டிலருகே வந்து கேட்டது. உண்மையைச் சொன்னால் அவனுக்கு முன்பே தெரியும், பொய்யைச் சொன்னால் அதுவும் தெரியும். ரயில்வே கேட்டுக்கிட்ட இருக்கேன் அண்ணா, பேட்டரி இறங்கிருச்சு, பாத்துட்டிருக்காங்க என்றேன். "மணி கடைக்குப் போறதுதான? அங்க எதுக்குப் போன?" பக்கமாக இருந்தது என்றேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுபட்டது, பின்னால் யாரோ கேரம் ஆடுகிற சத்தம். "என்னவாம்?" இதுதான் அந்த இடம். இந்த ஒரு கேள்விக்கு நான் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது, எனக்குப் பொய் சொல்ல வராது, மேற்கு கிழக்கு என்று வழியை மாற்றத் தெரியுமே தவிர வாயால் சொல்ல வராது. "பேட்டரி பழசாயிருச்சாம்" என்றேன். குரல் எப்போதும் போலச் சின்னதாக இருந்தது, சின்னதாக இருப்பது முதல்முறையாக உதவியது. "அவ்வளவுதானா? வேறொண்ணும் சொல்லலியே?" இல்லைங்ணா. மூச்சு வெளியே வந்தது, எனக்கு அது கேட்டது. "அப்பப் புதுசா மாட்டிரச் சொல்லு, நான் பாத்துக்கறேன். வண்டி நல்லா இருக்கோணும் கண்ணு, தனியாப் போற புள்ள நீ. அப்ப இன்னிக்குப் பொள்ளாச்சி போகல?" பொள்ளாச்சி என்பதைச் சற்று இழுத்தான், அல்லது இழுத்ததாக எனக்குக் கேட்டது. போகலைங்ணா. "சரி, வெயிலாகறதுக்குள்ள ஊட்டுக்குப் போ. சாப்பிடு." வைத்துவிட்டான். சாப்பிடு என்றதில் பொய் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை, அதில் துளிகூடப் பொய் இல்லை.

"தூக்கி வீசிரட்டுங்களா?" என்று ரபீக் அண்ணன் கேட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், லாரி டிரைவர்கூட இப்போது சிரிக்காமல் தன் ஹாரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீசினால் புள்ளி இங்கேயே நின்றுபோகும், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும், தெரிந்த நிமிடத்தில் மூன்று வண்டிகளும் கிழக்கே கிளம்பும். வீசாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்பான். எதற்கோ காத்திருக்கிறான், அது எவ்வளவு நாளோ அவ்வளவு நாள். "இருந்த மாதிரியே மாட்டிருங்கண்ணா" என்றேன். "மறுக்கா எறங்கீரும் அம்மிணி, நான் சொல்லிப்போட்டேன்." எறங்கட்டுங்ணா. அவர் மறுபடி ஸ்டீயரிங்குக்குக் கீழே போனார். எண் ஏறியது. யாரிடமும் ஒரு குண்டூசிகூட இரவல் கேட்டுப் பழகாதவள், அவர் எழுந்து கையைத் துடைத்ததும், உங்க போன ஒருக்காத் தர்றீங்களா என்று கேட்டேன். அக்காவின் எண்ணை நான் எதிலும் எழுதி வைத்ததில்லை, விரல்களுக்குத் தெரியும். இரண்டாவது மணியில் எடுத்தாள். "யாருங்க?" நான்தான் என்றேன். "கோகி! எங்கடி இருக்கற, இது யாரு போனு? நீ வருவீன்னு கொள்ளுப் பருப்புக் கடஞ்சு வெச்சு ஆறிப் போச்சு, இவரு ஷிப்டு மாத்திட்டு ஊட்டுல ஒக்காந்து உன்ற பங்கயும் நான் தின்னட்டுமான்னு கேட்டுட்டிருக்காரு." அக்கா, வீட்ட மாத்திருங்க. இன்னைக்கே. "ஏன்டீ?" அண்ணனுக்கு எடம் தெரிஞ்சிருச்சு. குக்கர் ஒரு விசில் விட்டது, அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "எப்பிடி?" என்னாலதான். நான் வந்து வந்துதான். "இந்த வயித்தத் தூக்கிட்டு எங்க போவேன் கோகி?" எங்க வேணா போங்க. எங்கன்னு எங்கிட்டச் சொல்லாத. நம்பரையும் மாத்திரு, புது நம்பரையும் எங்கிட்டச் சொல்லாத. "வலி வந்தா நீ வர்றேன்னு சொன்னீல்ல?" வரமாட்டேன் அக்கா. அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன், எனக்கு அது வேண்டியிருந்தது. "சரி கண்ணு" என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, "நீ பயந்துக்காத, வெச்சர்றேன்" என்றாள். ரபீக் அண்ணன் போனை வாங்கி, அந்த அழைப்பைத் தேடி, அழித்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இல்லீங்க. போயிருச்சு" என்றார்.

வண்டி முதல் திருகலிலேயே கிளம்பியது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் அது நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டிருக்கும், கேட்டைத் தாண்டிவிட்டாள், பஸ் ஸ்டாண்டு, தளி ரோடு, வீட்டுக்குத்தான் வருகிறாள். அவன் ஒரு நாள் கேட்பான், எதிரில் உட்கார்ந்து, கண்ணு என்று கூப்பிட்டுக் கேட்பான், அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டும். சிக்னலில் நின்றபோது, மறப்பதற்காக, அக்கா எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைக் கடைசியில் போட்டுப் பார்த்தேன். அடுத்த திருப்பத்தில் நடுவில் இருந்த ஏழை எடுத்துவிட்டு நான்கை வைத்தேன், என் வயதைச் செருகினேன், மாணவிகளின் வரிசை எண்களைக் கலந்தேன், உதடு அசைய அசையத் தப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தேன், பின்னால் ஒருவன் ஹாரன் அடித்து, ஏம்மா ஊட்டுல சொல்லீட்டு வந்தியா என்று திட்டிவிட்டுப் போனான். கூட்டியதை மறக்கலாம், பெருக்கியதை மறக்கலாம், ஒருவரை நினைத்து மனதில் வைத்ததை எப்படிக் கலைப்பது. வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள், இத்தனை சீக்கிரமாவா என்றாள். அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு முறை கண்ணை மூடிப் பார்த்தேன். பத்து இலக்கங்களும் அதனதன் இடத்தில் அப்படியே இருந்தன.